துரைமாரின் மீன்

கீழ்புத்துப்பட்டுப் பக்கம் மீன் பிடிப்பது என்றால் அது பிழைப்பு. கிழக்கே கடல், கொஞ்சம் உள்ளே தள்ளி கழுவெலி, வடக்கே போனால் மரக்காணத்து உப்பளம். சும்மா பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் மாட்டியது குழம்புக்குப் போய்விடும். இதே தமிழ்நாட்டில், நீலகிரியின் உச்சியில், ஒரு மீனைப் பிடிக்கிற சுகத்துக்காகவே அந்த மீனைக் கப்பலேற்றிக் கொண்டுவர ஒரு அரசாங்கம் நாற்பது வருஷத்துக்கு மேல் மெனக்கெட்டிருக்கிறது.

அந்த மீன் ட்ரவுட். அதைப் பிடிக்கச் சாயங்காலம்தான் தோது. வெயில் இறங்கியதும் ஓடைமேல் பூச்சிகள் எழும்பும், அவற்றைத் தின்ன மீன் மேலே வரும், தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்கள் விரியும். தூண்டில்காரர் காத்திருப்பது அந்த வட்டத்துக்காகத்தான். அவர் முள்ளில் புழு கிடையாது. இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி மட்டும். அதற்கு எடையே இல்லை என்பதால் அதை எறிய முடியாது. கனமான நூலைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசுவார்கள். அதன் பின்னாலேயே போய்ப் பூச்சி அலுங்காமல் நீரில் இறங்கும். நம்மூர் ஆள் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தென்னிந்தியக் காடுகளில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில், மெழுகு சொட்டிய மாதிரிப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். பிரிட்டனில் சால்மன் பிடிக்கச் செய்த பொய்ப்பூச்சிகளுக்கு அந்த இறகென்றால் உயிர். இறகு இங்கிருந்து அங்கே போனது, மீன் அங்கிருந்து இங்கே வர வேண்டும் என்றார்கள்.

மீன் சுலபத்தில் வரவில்லை. 1863இல் பிரான்சிஸ் டே முயன்றார். சென்னை மாகாண மருத்துவச் சேவையில் இருந்தவர், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய பெரிய நூலை எழுதியவர். சூயஸ் கால்வாய் இன்னும் திறக்காத காலம். ட்ரவுட் முட்டைக்கு விடாத குளிர்ச்சி வேண்டும். வெப்பக் கடலைத் தாண்டி, சமவெளி வெயிலைத் தாண்டி, மாட்டுவண்டிப் பாதையில் மலையேறி வருவதற்குள் அது செத்துவிடும். டேயின் முயற்சி தோற்றது. அதோடு விடவில்லை, அடுத்தும் முயன்றார்கள். நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மட்டும் நிலைக்கவில்லை.

விளையாட்டுக்கு இங்கே மீன் இல்லாமலா? தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தையே எழுதினார். நம் ஆறுகளின் மஹ்சீர் சால்மனுக்குச் சளைத்ததல்ல என்பது அவர் கட்சி. காவிரியிலும் பவானியிலும் அந்த மீன் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. ஆக, துரைமாருக்குத் தேவைப்பட்டது மீன் இல்லை, ஊர் நினைப்பு. ஊட்டியில் ஏரி வெட்டி, தேவாலயம் கட்டி, ரோஜாவும் நட்டாயிற்று. ஓடையில்தான் ஏதோ குறை.

மீன் வந்து சேரும் முன்பே சட்டம் வந்துவிட்டது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். அதற்கு முன்பே ஆங்கிலேயர்கள் சங்கம் வைத்து வேட்டையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியிருந்தார்கள். எதை எப்போது பிடிக்கலாம், யார் பிடிக்கலாம் என்பதெல்லாம் லைசென்ஸ் விஷயம் ஆனது. மலையில் காலங்காலமாக இருந்த தோடர், கோத்தர், படுகர் யாரும் கேட்டு வந்த சட்டமில்லை அது.

கடைசியில் சாதித்தவர் எச். சி. வில்சன். பிரெடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாண மீன்வளத் துறையை உருவாக்கிய அதே காலம். 1907இல் ஊட்டிக்குத் தென்மேற்கே அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. பெண் மீனின் வயிற்றை மெல்ல நீவி முட்டையை எடுப்பார்கள், ஆண் மீனின் விந்தைக் கலப்பார்கள், ஓடைத் தண்ணீர் ஓயாமல் ஓடும் தட்டுகளில் பரப்புவார்கள். குஞ்சு வளர்ந்ததும் ஓடையில் விடுவார்கள். இத்தனைக்கும் நிலைத்தது இங்கிலாந்தின் பழுப்பு ட்ரவுட் அல்ல, வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் ட்ரவுட். ஊர் நினைப்புக்கு யாரோ ஊர் மீன்! பிற்பாடு குந்தா நீர்மின் திட்டத்து அணைகள் ஓடைகளை நீர்த்தேக்கங்களாக்கின. பொரிப்பகம் இன்னும் இருக்கிறது, அரசு மீன்வளத் துறையின் கையில்.

வானவில் ட்ரவுட் 1909-10இல் நீலகிரிக்கு வந்தது ஜெர்மனி, நியூசிலாந்து, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து. இலங்கையில் நுவரெலியா மலைகளில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைகள் ஏற்கெனவே ட்ரவுட் வளர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள் நம்மாட்கள்.

அவர்களும் வந்தார்கள். 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். அதன்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது, பின்னாளில் டான்டீ. ட்ரவுட் வந்த அதே மலைக்கு, அரை நூற்றாண்டு கழித்து, கொழுந்துக் கூடையோடு. போர் துரத்தியதில் கடல் தாண்டியவர்களுக்கு மலை இல்லை, முகாம்தான். கீழ்புத்துப்பட்டில் ஒன்று இருக்கிறது, கடலுக்குப் பக்கத்திலேயே. 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. முகாமில் பிறந்து முகாமிலேயே பிள்ளை பெற்றவர்களும் பதிவேட்டில் இன்னும் இலங்கைக்காரர்கள்தான்.