வறுமையை அளக்கும் ஆய்வுகளும் வறியவரைச் சென்றடையாத உதவிகளும்

ஒரு நாட்டில் வறியவர் யார் என்பதைத் தீர்மானிப்பது வெறும் புள்ளிவிபர வேலையாகத் தோன்றலாம். ஆயினும் இலட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு அத்தீர்மானத்திலேயே தங்கியுள்ளது. அதற்கான அளவுகோலை உருவாக்குவதில் பல்கலைக்கழக ஆய்வுகள் பெரும் பங்கு வகித்து வந்துள்ளன.

நீண்டகாலமாக வறுமை வருமானத்தையும் செலவையும் கொண்டே அளக்கப்பட்டு வந்தது. 1998 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென், ஒருவரிடம் எவ்வளவு பணம் உள்ளது என்பதைவிட அவரால் எத்தகைய வாழ்வை வாழ முடிகிறது என்பதே முக்கியம் என வாதிட்டார். குறைந்த வருமானத்துடனேயே நீண்ட ஆயுளை எட்டிய நாடாக இலங்கையை அவர் எடுத்துக்காட்டியிருந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இச்சிந்தனையைக் கணக்கிடத்தக்க முறையாக மாற்றிய பெருமை, ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2007 இல் ஆரம்பிக்கப்பட்ட வறுமை மற்றும் மனித அபிவிருத்தி ஆய்வு மையத்தைச் சாரும். அதன் பணிப்பாளர் சபீனா அல்கயரும் அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் ஃபொஸ்டரும் வகுத்த முறையைத் தழுவி, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 2010 இல் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணை வெளியிட்டது. சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகிய மூன்று துறைகளில் 10 குறிகாட்டிகளை இது நோக்குகின்றது. பாடசாலை செல்லாத பிள்ளை உள்ள ஒரு வீட்டில் மலசலகூடமோ பாதுகாப்பான குடிநீரோ இல்லாது, விறகடுப்பிலேயே சமையலும் நடைபெறுமாயின், மொத்தப் புள்ளிகளில் மூன்றிலொரு பங்கை எட்டி அக்குடும்பம் வறுமைப்பட்டதாகக் கொள்ளப்படும். அதன் கையிலுள்ள பணம் இங்கு கணக்கிடப்படுவதில்லை.

இம்முறை எதனை வெளிக்கொணர்கின்றது என்பதற்கு எமது நாடே சான்றாகும். 2019 ஆம் ஆண்டின் செலவு அடிப்படையிலான கணிப்பில் தோட்டத்துறையில் 33.8 சதவீதமானோரே வறியவராவர். அதே ஆண்டின் தரவுகளைக் கொண்ட தேசிய பல்பரிமாணக் கணிப்பிலோ அங்கு அரைப்பங்குக்கும் மேற்பட்டோர் வறியவராகக் காணப்பட்டனர். மலையகத்தின் லயன் அறைகளில் நிலவும் வறுமையைப் பணக்கணக்கு மட்டும் காட்டிவிடாது என்பதே இதன் பொருள்.

2023 இல் ஆரம்பமான அஸ்வெசும நலன்புரித் திட்டமும் பல்பரிமாண நோக்கையே தழுவி, 6 தலைப்புகளின் கீழ் 22 குறிகாட்டிகளைக் கொண்டு 20 இலட்சம் குடும்பங்களைத் தெரிவு செய்ய முற்பட்டது. ஆனால் முதற்பட்டியல் வெளியானதும் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனத்திற் கொள்ளல் வேண்டும். ஒரு மாவட்டத்தின் வறுமை வீதத்தை மதிப்பிடுவது வேறு; இன்ன குடும்பத்துக்கு உதவி உண்டா இல்லையா எனத் தீர்ப்பது வேறு. முன்னையதில் சிறு பிழை சதவீதத்தையே சற்று மாற்றும். பின்னையதிலோ அது ஒரு குடும்பத்தைப் பட்டினியில் தள்ளிவிடும். யுத்தத்தில் கணவனை இழந்து வன்னியில் வாழும் ஒரு பெண்ணுக்கு வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த கல்வீடு இருக்கலாம், வருமானம் இல்லாதிருக்கலாம். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கிய முஸ்லிம் குடும்பமொன்றின் பதிவு ஒரு மாவட்டத்திலும் வாழ்வு இன்னொரு மாவட்டத்திலுமாக இருக்கலாம். கல்வீட்டைக் காணும் குறிகாட்டியும் பதிவு முகவரியை நாடும் படிவமும் இத்தகையோரின் உண்மை நிலையை உணர்ந்துகொள்வது கடினம்.

இவ்விடைவெளியை நிரப்ப வேண்டியவை எமது பல்கலைக்கழகங்களே. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் தாம் அமைந்துள்ள பிரதேசங்களின் வாழ்வை அறிந்தவை. அம்மக்களின் மொழியிலேயே அவர்களோடு பேசக்கூடியவை. பட்டியலிலிருந்து விடுபட்டோர் யாவர், எக்குறிகாட்டியினால் விடுபட்டனர் என்பதை அவை கிராமம் கிராமமாக ஆராய்ந்து வெளிப்படுத்தல் வேண்டும். அரசாங்கம் தனிநபர் விபரங்களை நீக்கிய தரவுகளை அவற்றுக்கு வழங்குவதோடு, ஆய்வு முடிவுகளுக்கமையக் குறிகாட்டிகளைத் திருத்தவும் முன்வரல் வேண்டும்.

ஆய்வேடுகள் நூலக அலுமாரிகளில் உறங்குவதால் எவருக்கும் பயனில்லை. அவை பிரதேச செயலகங்களின் மேசையை அடைந்து, மேன்முறையீட்டுக் கடிதத்துடன் வரிசையில் நிற்பவருக்கு நியாயம் பெற்றுத்தரும்போதே, பொதுமக்களின் வரிப்பணத்தில் இயங்கும் உயர்கல்வி தனது கடனைத் தீர்த்ததாகும்.