ஈராக்கின் தொலைபேசி யாருக்குச் சொந்தம்?

போர் ஓயுமுன்னரே ஒப்பந்தப் போட்டி தொடங்கிவிடும் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஈராக்கின் கையடக்கத் தொலைபேசி வரலாறு அதற்கொரு சான்று.

2003 மார்ச்சில், பாக்தாத் வீழுமுன்பே, அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் டரல் இசா ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். தமது கலிபோர்னியா மாநிலத்துக் குவால்கொம் நிறுவனம் வளர்த்த சீ.டி.எம்.ஏ. தொழில்நுட்பத்தையே ஈராக்கில் நிறுவவேண்டும் என்பது அதன் நோக்கம். அயல்நாடுகளிலோ ஐரோப்பாவில் உருவான ஜீ.எஸ்.எம். முறையே பரவியிருந்தது.

குண்டுவீச்சில் தொலைபேசி நிலையங்கள் சிதைந்து, உறவினரின் நலமறியவும் வழியின்றி மக்கள் தவித்தனர். ஜூலையில் பஹ்ரேனின் பட்டெல்கோ நிறுவனம் அனுமதி பெறாமலே பாக்தாத்தில் சேவையைத் தொடங்கியது. ஆக்கிரமிப்பு நிர்வாகம் சில நாட்களிலேயே அதை நிறுத்துவித்தது.

ஒக்டோபரில் தொடர்பாடல் அமைச்சர் ஹைதர் அல் அபாதி (2014இல் பிரதமரானவர்) மூன்று உரிமங்களை அறிவித்தார். வடக்கு ஆசியாசெல்லுக்கும், மத்திய பகுதி எகிப்தின் ஒராஸ்கொமுக்கும், தெற்கு குவைத் நிறுவனம் பங்கேற்ற அதீருக்கும் கிடைத்தன. மூன்றும் ஜீ.எஸ்.எம். முறையே. தெரிவில் முறைகேடு நடந்ததென்ற குற்றச்சாட்டுகளும் எழுந்தன.

2007இல் ஈராக் அரசு நடத்திய ஏலத்தில், 15 ஆண்டு உரிமம் ஒவ்வொன்றும் 125 கோடி அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. ஆக்கிரமிப்பின் நிழலில் அத்தனை அவசரமாக நடந்த போட்டி எதற்கானது என்பதை அந்தத் தொகையே சொல்கிறது.