வெள்ளிக்கிழமை ஏற்றிய பானை

ஒரு மண்பானை. உள்ளே கொண்டைக்கடலை, ஆட்டுக்கறி, வெங்காயம், பூண்டு, ஓட்டோடு நாலைந்து முட்டைகள். கழுத்துவரை தண்ணீர். மூடியை இறுக்கிப் போட்டு, பானையைத் தணலுக்குள் புதைத்துவிட்டு அந்த வீட்டம்மா கையைக் கழுவிக்கொள்கிறாள். இதற்காக ஒரு குடும்பமே சிறைக்குப் போகும் என்றால் நம்புவீர்களா? 15-ம் நூற்றாண்டு ஸ்பெயினில் போனது.

இதிலென்ன குற்றம் என்கிறீர்களா? குற்றம் கறியில் இல்லை. கிழமையில்!

யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். வெள்ளி மாலை சூரியன் இறங்கியதிலிருந்து மறுநாள் இருட்டும்வரை நெருப்பு மூட்டக்கூடாது என்பது வேதக் கட்டளை. அதற்காக ஓய்வு நாளில் ஆறிப்போன சாப்பாடா? வழி கண்டுபிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் பானையை ஏற்றிவிட்டால், ராத்திரி முழுக்க அது பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். சனி மதியம் திறந்தால் கறி எலும்பை விட்டுக் கழன்று வரும். முட்டையின் வெள்ளைக்கருகூடப் பழுப்பேறியிருக்கும். ஸ்பெயின் யூதர்கள் இதை 'அதாஃபினா' என்றார்கள். 'புதைக்கப்பட்டது' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

1391-ல் செவில் நகரில் கலவரம் வெடித்தது. ஊர் ஊராகப் பரவியது. உயிருக்குப் பயந்து ஆயிரக்கணக்கான யூதர்கள் கிறிஸ்துவர்களாக மாறினார்கள். பெயரை மாற்றிக்கொண்டார்கள், சர்ச்சுக்குப் போனார்கள். ஆனால் நாக்கு ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளுமா, என்ன?

1478-ல் போப்பின் அனுமதியோடு மத விசாரணை மன்றம் வந்தது. 1481-ல் செவிலில் முதல் தண்டனைச் சடங்கு. அன்றே சிலர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். ரகசிய யூதர்களை எப்படி அடையாளம் காண்பது என்று மன்றம் ஊருக்கு அறிவிக்கும் பட்டியலில் சமையலறைக்குத் தனி இடம் உண்டு. வெள்ளிக்கிழமையே மறுநாளைக்குச் சமைக்கிறார்களா? சனிக்கிழமை சுத்தமான உடை போடுகிறார்களா? பன்றிக்கறியை ஒதுக்குகிறார்களா?

ஆண்கள் வெளியே எப்படி வேண்டுமானாலும் நடிக்கலாம். அடுப்பங்கரையில் நடிக்க முடியாதே! வேலைக்காரப் பெண் கூடவே நிற்கிறாள். பானைக்குள் என்ன போட்டார்கள், எப்போது ஏற்றினார்கள், யார் யார் சாப்பிட்டார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். இந்த சாட்சியங்கள் வரி வரியாகப் பதிவாகின. வேடிக்கை பாருங்கள், அந்தக் காலத்து யூதச் சமையல் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பங்கு இந்த வழக்குக் கட்டுகளிலிருந்து கிடைத்ததுதான்.

சாட்சி யார் என்று குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சொல்லமாட்டார்கள். ஒரே ஒரு சலுகை. தன் விரோதிகளின் பெயர்களை அவர் எழுதிக் கொடுக்கலாம். சாட்சி அதில் இருந்தால் அந்த வாக்குமூலம் பலமிழக்கும். ஆகவே சிறையில் உட்கார்ந்து யோசிப்பார்கள். எந்த வேலைக்காரியைத் திட்டினோம்? யாருக்குக் கூலி பாக்கி?

1492-ல் மதம் மாறாத யூதர்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள். மொராக்கோவுக்குப் போனவர்கள் பானையையும் கொண்டுபோனார்கள். அங்கே அதற்கு 'தஃபினா' என்று பெயர். ஸ்பெயினிலேயே தங்கியவர்கள்? கொண்டைக்கடலையும் கறியும் சேர்த்து வேகவைக்கும் 'கொசீதோ' மாட்ரிட்டின் பிரசித்தமான உணவு. அது அதாஃபினாவின் வாரிசு என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஒரே வித்தியாசம், இதில் பன்றிக்கறி கட்டாயம். கொழுப்போடு, பெரிய துண்டாக, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படும்படி.