பெஞ்சும் பேரும்: மிஷன் பள்ளிகளில் சேரிப் பிள்ளைகளின் மனசு

'மாணவர் மனநலம்' என்கிற சொல் இப்போது கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகளிலும் புழங்குகிறது. சுவரில் சிரிக்கிற பொம்மை வரைகிறார்கள். வெளியிலிருந்து ஆலோசகரை வரவழைத்து ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி தருகிறார்கள். வேண்டாம் என்று நாம் சொல்லப் போவதில்லை. ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மிஷன் பள்ளிகளுக்குச் சேரியிலிருந்து போகிற பிள்ளையின் மனசுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தொடாமல் மனநலம் பேசினால் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே போய்விடும்.

தென்னார்க்காட்டில் கத்தோலிக்க மிஷனை நடத்தியவர்கள் பாரீசிலிருந்து வந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது சேரி மக்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் வாங்கினார்கள். 'சோத்துக்கு மதம் மாறினவங்க' என்று இன்றைக்கும் ஏளனம் பேசுகிறார்கள். சோறு கேட்டது உண்மைதான். பசித்தவன் சோறு கேட்காமல் வேறென்ன கேட்பான்? சோத்தோடு நம் ஆட்கள் பள்ளிக்கூடமும் கேட்டார்கள் என்பதைத்தான் மறைத்துவிடுகிறார்கள். ஊர்ப் பள்ளியின் திண்ணையைக்கூட மிதிக்க முடியாதவனுக்கு, சேரிக் கோயிலை ஒட்டிப் போட்ட கூரைக் கொட்டகையும் ஒரு உபதேசியாரும் சின்ன விஷயமில்லை. பக்கத்துச் செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதியது அதற்கப்புறம், 1892இல்தான். சென்னையில் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியது 1894இல். ஆக, எழுத்தறிவு என்கிற கணக்கில் மிஷனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதைச் சொல்ல வெட்கமில்லை.

எழுத்து கிடைத்தது. பயம் போயிற்றா?

இதற்குப் பதில் சொல்கிற ஆவணம் நம் கையிலேயே இருக்கிறது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை வெளியிட்டார். கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி அதில் எழுதுகிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று அவர் யாரோடும் சிநேகம் பிடிக்கவில்லை. மணி அடிக்கும்வரை வெளியே எங்கேயோ உட்கார்ந்து படித்துவிட்டு அப்புறம்தான் வகுப்புக்குள் போவார். விட்டதும் மற்றவர்கள் எட்டிப் பிடிப்பதற்குள் வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார். தலித் மாணவன் மனநிலை பற்றி நமக்குக் கிடைத்திருக்கிற பழைய சாட்சியங்களில் இது ஒன்று. அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியதும் இதே ரகம்தான்: உட்காரத் தனிக் கோணிச் சாக்கு, பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. இரண்டு பேருக்கும் அறிவில் குறைச்சல் இல்லை. குறைச்சல் பள்ளிக்கூடத்தில் இருந்தது. இன்றைக்கு வகுப்பில் ஒரு பிள்ளை ஒதுங்கி உட்கார்ந்தால் 'கூச்ச சுபாவம்' என்று ரிப்போர்ட் எழுதுகிறோமே, அது கூச்சம்தானா?

எங்கள் மாவட்டத்தின் கதைக்கு வருவோம். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேரைக் கொன்றார்கள். 1987 செப்டம்பர் சாலை மறியல் நாட்களில் தென்னார்க்காட்டில் சேரிக் குடிசைகள் எரிந்தன. குடிசை எரிந்தால் பிள்ளையின் நோட்டும் சிலேட்டும் சேர்ந்துதான் எரியும். நஷ்டஈட்டுக் கணக்கில் அவை வருவதில்லை. 2008 மார்ச்சில் எறையூர். அன்றைக்கு அது விழுப்புரம் மாவட்டம். 2019இலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். தங்கள் சகாயமாதா கோயிலைத் தனிப் பங்காக்கச் சொல்லி தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர்கள் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியர் தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஜெபமாலை, ஒரே நற்கருணை. செத்த பிறகு போகிற பாதையிலும் சாதி. மறுநாள் காலை இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பாடப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளோடு யார் உட்கார்ந்து பேசினார்கள்? சாதிப் பாகுபாடு கூடாது என்று இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் 2003இலேயே சொல்லியிருந்தார். ரோமாபுரியில் சொன்னது எறையூர்த் தெருவுக்கு வந்து சேரவில்லை.

அடுத்தது பேர். 1950ஆம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பவுத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு மத்திய அரசைக் கேட்டது. இதன் விளைவு என்ன? பல வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பேர். கோயில் ரிஜிஸ்டரில் அந்தோணி, பள்ளி ரிஜிஸ்டரில் முருகன். ஞானோபதேச வகுப்பில் ஒரு பேருக்கு 'உள்ளேன்' சொல்ல வேண்டும், கணக்கு வகுப்பில் இன்னொரு பேருக்கு. பொய் சொல்லக் கூடாது என்று பத்துக் கட்டளை படிக்கிற ஆறு வயசுப் பிள்ளை, தன் பேரையே மறைக்கப் பழகுகிறது. இந்தப் பிளவைப் பிள்ளையின் மனசு உண்டாக்கவில்லை, சட்டம் உண்டாக்கியது.

நான் படித்த பள்ளியின் பேர் இங்கே தேவையில்லை. ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்தால் வாத்தியாரு, "எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்து நில்லுங்க"ம்பாரு. நிப்போம். மத்தவங்க திரும்பிப் பாப்பாங்க. அவரு கெட்டவரில்லை, அடிக்கவும் மாட்டாரு. பணம் கையில் கிடைத்தது. ஆனால் அதுவரை தெரியாதவனுக்கும் அன்றைக்கு நான் யாரென்று தெரிந்துபோனது. இப்போது சேரிகளில் மாலை டியூஷன் நடத்துகையில் பிள்ளைகளைக் கேட்கிறேன். "இன்னமும் நிக்கச் சொல்றாங்கண்ணே" என்கிறார்கள். கக்கூஸ் கழுவ யாரை அனுப்புகிறார்கள் என்று கேட்டால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்த பிறகு, கன்னியர் மடத்துப் பள்ளிக்குள் சாதி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அவர் கன்னியராக இருந்து வெளியே வந்தவர், உள்ளிருந்து பார்த்து எழுதினார்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2003இல் தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்படியைத் தடை செய்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியோடு மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. ஆனால் 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் பிரமதி வழக்கில் அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. சிறுபான்மை உரிமை நமக்கும் வேண்டும். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த உரிமையின் பேரில் நிற்கிற பள்ளியில், சிறுபான்மைக்குள்ளும் அடியில் கிடக்கிற பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2023 நாங்குநேரி வெட்டுக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, பெரிய பள்ளிகளில் நல அலுவலர் எனப் பல பரிந்துரைகள். அதில் நல அலுவலர் யோசனை மேல்நிலைப் பிள்ளைகளை மனசில் வைத்தது. கயிறு கட்டுகிற வயசுக்கு முன்பே, ஒண்ணாம் வகுப்பு பெஞ்சிலேயே சாதி உட்கார்ந்துவிடுகிறது.

ஆகவே ஆரம்பப் பள்ளி நடத்துகிற சாமியார்களையும் சிஸ்டர்களையும் நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. ஸ்காலர்ஷிப் விவரத்தைப் பெற்றோரிடம் தனியே சொல்லுங்கள், வகுப்பில் நிற்க வைக்காதீர்கள். பெஞ்சை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். கக்கூஸுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வையுங்கள். பிள்ளையை அது விரும்புகிற பேரால் கூப்பிடுங்கள். சேரியிலிருந்து படித்து வந்தவர்களை ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் போடுங்கள். 2016இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையை ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர் அறையிலும் வாசியுங்கள். ஊரில் கலவரம் நடந்தால், மறுநாள் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பேச விடுங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு ஆலோசகரைக் கூப்பிடுங்கள். அப்போது பிள்ளை அவரிடம் வாய் திறக்கும்.