வளரி முதல் சுழல் துப்பாக்கி வரை: புதுக்கோட்டையில் தற்காப்புப் படைக்கலமும் அரசின் இசைவும்

ஆய்வுச் சுருக்கம்

தற்காப்புக்கெனப் படைக்கலம் வைத்திருத்தல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரு காலத்தில் நிலத்தோடும் ஊழியத்தோடும் பிணைந்த கடமையாக இருந்தது. இன்று அது தனியொருவர் காரணங்காட்டி விண்ணப்பித்துப் பெறும் உரிமமாகியுள்ளது. இம்மாற்றம் நிகழ்ந்த படிநிலைகளையும், இன்றைய கைத்துப்பாக்கித் தேர்வில் அவற்றின் தாக்கத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வளரி, பாடிகாவல், அமரம், படைக்கலச் சட்டம், புதுக்கோட்டை சமஸ்தானம், தற்காப்புரிமை.

முன்னுரை

தற்காப்புக்காக முதன்முதலில் கைத்துப்பாக்கி வாங்க விழையும் ஒருவர் எவ்வகையைத் தேர்வது என்னும் வினா, கருவியைப் பற்றிய வினாவாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. எடை, விலை, இயக்கும் முறை ஆகியவையே அங்கு அளவுகோல்கள். இந்தியச் சூழலில் அவ்வினாவுக்கு முன்னர் மற்றொன்று நிற்கிறது. இன்னார் இன்ன கருவியை வைத்திருக்கலாம் என வரையறுப்பவர் யார் என்பதே அது. அதற்கான விடை காலந்தோறும் மாறி வந்திருப்பதைப் புதுக்கோட்டையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பாடிகாவலும் அமரமும்

புதுக்கோட்டைப் பகுதியின் பிற்கால இடைக்காலக் கல்வெட்டுகள், ஊரார் தம் காவற்பொறுப்பை அரையர்களிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாகப் பாடிகாவல் உரிமையை அளித்ததைக் குறிப்பிடுகின்றன. பாதுகாப்பு என்பது இங்கு ஊரின் பொதுப்பொருளாக இருந்தது. படைக்கலம் தாங்கியவர் ஊருக்காகவே அதைத் தாங்கினார்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தொண்டைமான் ஆட்சி நிலைபெற்றபின், இவ்வுறவு அமரம் என்னும் நிலவுரிமையில் தொடர்ந்தது. போர்க்காலத்தில் படையூழியம் செய்யும் கடப்பாட்டுடன் அமரக்காரர் நிலம் பெற்றனர். எனவே அவரிடமிருந்த படைக்கலம் அவர் விருப்பத்தால் தேர்ந்த உடைமை அன்று. அது அவர் உழுத நிலத்திற்குரிய கடமை.

வளரி என்னும் கருவி

இப்பகுதியோடு நெருங்கிய தொடர்புடைய படைக்கலம் வளரி. பிறை வடிவும், ஒரு முனையில் மிகுந்த எடையும் கொண்ட இவ்வெறிகருவி பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்தாலும், சிறுபான்மை இரும்பாலும் செய்யப்பட்டது. எடை குறைந்த முனையைப் பற்றித் தோளுக்கு மேலே சிலமுறை சுழற்றி விசையேற்றி எறிவர். சின்ன மருதுவிடம் இதை எறியக் கற்றதாக ஆங்கிலப் படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நினைவுக்குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல், புதுக்கோட்டை திவான் அளித்த குறிப்பொன்றை எடுத்தாள்கிறது. வளரி எறிவதில் தேர்ந்தவர் அக்காலத்தில் சமஸ்தானத்தில் எவரும் இலர் என்றும், முயல், காட்டுக்கோழி வேட்டையில் மட்டுமே எப்போதாவது அது பயன்பட்டது என்றும், பழங்குடும்பங்களின் பூசையறைகளில் வைக்கப்பட்டு ஆயுத பூசையன்று துலக்கப்பட்டது என்றும் அக்குறிப்பால் அறிகிறோம். நூறாண்டுக் காலத்திற்குள் போர்க்கருவி வழிபாட்டுப் பொருளாகிவிட்டது. கருவி வீட்டிலேயே இருந்தது. அதைக் கையாளும் பயிற்சியே மறைந்தது.

படைக்கலக் களைவும் இரு சட்டங்களும்

1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பின்னர்ப் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் மேஜர் பானர்மேன் ஆணையிட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதைத் தொடர்ந்து, அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்பாளையங்களில் படைக்கலப் பயன்பாட்டைத் தடை செய்தது. தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்றமையால் புதுக்கோட்டை தனி அரசாக நீடித்தது.

1860ஆம் ஆண்டு தனிக்கவனத்திற்குரியது. அவ்வாண்டில் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் தன் உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் தற்காப்புரிமையை 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் ஏற்றது. அதே ஆண்டின் 31ஆம் சட்டம் படைக்கலங்களை வைத்திருப்பதை ஒழுங்குபடுத்தி, அவற்றைக் களையும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. உரிமையை ஒரு சட்டம் தர, அதற்கான கருவியை மற்றொன்று அரசின் கையில் வைத்தது. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் பிரித்தானிய இந்தியா முழுவதற்கும் உரிம முறையை உறுதிப்படுத்தியது.

சமஸ்தானமாகிய புதுக்கோட்டை அச்சட்டத்தின் நேரடி எல்லைக்குள் வரவில்லை. ஆயினும் இங்கும் மாற்றம் வந்தது. அது நிலத்தின் வழியாக வந்தது. திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் 1888இல் நடைபெற்ற இனாம் தீர்வை படையூழிய நிலங்களை வரிசெலுத்தும் நிலங்களாக மாற்றியது. ஊழியம் நீங்கவே, அதனோடு ஒட்டிய படைக்கலக் கடமையும் பொருளற்றதாயிற்று.

இவ்விடத்தில் குடகுப் பகுதியை ஒப்புநோக்கலாம். அங்கும் ஜம்மா எனப்படும் நிலவுரிமை படையூழியத்தோடு தொடர்புடையது. ஆனால் குடகருக்கும் ஜம்மா நிலத்தார்க்கும் ஆங்கிலேயர் அளித்த படைக்கல உரிம விலக்கு இன்றும் நடைமுறையில் உள்ளது. ஏறத்தாழ ஒரே தன்மையுடைய இரு நிலவுரிமைகளில் ஒன்று படைக்கல உரிமையாக எஞ்சியது. மற்றொன்று வரிக்கணக்கில் கரைந்தது. இதனை மக்களின் வீரமரபில் ஏற்பட்ட வேறுபாடாகக் கொள்வதற்கில்லை. ஆட்சியாளர் மேற்கொண்ட முடிவுகளின் விளைவாகவே கொள்ளவேண்டும்.

விடுதலைக்குப் பின் உரிமமும் தேர்வும்

1931ஆம் ஆண்டுக் கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிகளுக்குட்பட்டுப் படைக்கலம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகக் கூறியது. 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அவ்வுரிமை இடம்பெறவில்லை. 1948 மார்ச் 3ஆம் நாள் இந்தியாவுடன் இணைந்த புதுக்கோட்டைக்கு, அதன்பின் இந்திய அரசின் சட்டமே பொருந்துவதாயிற்று.

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இரு வகை அளவுகோல்களைக் கொண்டுள்ளது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ உரிய, இருபது அங்குலத்திற்குக் குறையாத குழல் கொண்ட வழுவழுப்பான உட்குழல் துப்பாக்கிக்கும், பயிர்ப் பாதுகாப்புக்குரிய வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும் தடைக் காரணம் இல்லாதவிடத்து உரிமம் வழங்கவேண்டும். கைத்துப்பாக்கிக்கு அவ்வாறன்று, விண்ணப்பிப்பவர் தக்க காரணம் உண்டென அலுவலரை நிறைவுபடுத்தவேண்டும். ஆகவே உழவர் பயிரைக் காக்க நெடுங்குழல் துப்பாக்கி பெறுவதினும், ஒருவர் தம் உயிரைக் காக்கக் கைத்துப்பாக்கி பெறுவது சட்டப்படி கடினம்.

கருவித் தேர்வும் இவ்வரம்புக்குள்ளேயே அமைகிறது. 9 மி.மீ., .38, .455 முதலிய விட்டங்கள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. எனவே புதிதாக வாங்குபவர் பெரும்பாலும் .32 விட்டச் சுழல் துப்பாக்கியையோ கைத்துப்பாக்கியையோ நாடுகின்றனர். கான்பூர்த் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென அறிமுகப்படுத்திய 'நிர்பீக்' அரைக்கிலோ எடையுள்ள .32 சுழல் துப்பாக்கியே. அதன் விலை ஓர் இலட்சம் ரூபாயைக் கடந்தமையால், யாருடைய அச்சத்தை முன்னிட்டு அது அறிமுகமாயிற்றோ அவர்களுள் பெரும்பாலோர்க்கு அது எட்டாப் பொருளாயிற்று. 2016ஆம் ஆண்டு விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றையும் வேண்டுகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

முடிவுரை

பாடிகாவலில் ஊரும், அமரத்தில் அரசனும், உரிம முறையில் அலுவலரும் படைக்கலத்திற்கு இசைவளித்தனர். எக்காலத்தும் இசைவின்றிப் படைக்கலம் இருந்ததில்லை. இசைவின் அடிப்படையே மாறியது. முன்னைய இரண்டிலும் படைக்கலம் தாங்கியவர் பிறரைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றார். உரிமம் பெறுபவரோ தம்மையும் தம் உடைமையையும் காப்பதற்கே அதனைக் கோருகிறார். பிறரைக் காக்கும் பொறுப்பு காவல்துறைக்கு உரியதாகிவிட்டது. ஆதலின் தற்காப்புக்கு எக்கருவி ஏற்றது என்னும் வினாவை, காவற்பொறுப்பை எவர் எவ்வளவு நிறைவேற்றுகின்றனர் என்னும் வினாவோடு இணைத்தே வரலாற்றாய்வு அணுகவேண்டும். அவ்வகையில், 1888 இனாம் தீர்வை தொடர்பான ஆவணங்களைப் படைக்கல வரலாற்றுக்குரிய சான்றுகளாக மறுவாசிப்புச் செய்வது பயன்தரும்.