பெயர்ப்பலகை இல்லாத மரங்கள்

பேராதனைப் பூங்காவுக்குப் போகிறவர்கள் அங்குள்ள நாகலிங்க மரத்தடியில் சற்று நின்றுவிட்டுத்தான் நகர்வார்கள். பீரங்கிக் குண்டுகளைப் போன்ற காய்கள் அதன் அடிமரத்தைச் சுற்றித் தொங்கும். 1901ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த கோமகன், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராக முடிசூடியவர், தம் துணைவியாரோடு நட்ட மரம் அது. நட்டவர் யார், எந்த ஆண்டு என்பதையெல்லாம் பெயர்ப்பலகை சொல்லிவிடுகிறது.

அதே பயணத்தின்போது, இதே கண்டியில், அறுபது வயதான ஒருவர் கோமகனைச் சந்தித்தார். தாய்நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதே அவருடைய ஒரே வேண்டுகோள். அவர் அஹ்மத் ஒறாபி பாஷா. அந்த ஆண்டிலேயே மன்னிப்புக் கிடைத்து எகிப்துக்குக் கப்பலேறினார். அவர் நாடு திரும்பிய கதையோடு ஒரு மாமரத்தின் கதையும் சேர்ந்திருக்கிறது. அந்த மரத்துக்குக் கண்டியில் பெயர்ப்பலகை கிடையாது. நம் வீட்டு வளவுகளில் நிற்கும் பழமரங்களின் வரலாற்றை எழுதத் தொடங்கினால், கோமகனின் மரத்தை விடப் பாஷாவின் மரத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாஷாவின் வரலாறு இச்சஞ்சிகை வாசகர்களுக்குப் புதிதல்ல. 1882 செப்டெம்பரில் தல் அல் கபீர் போரில் பிரித்தானியரிடம் தோற்று, நாடுகடத்தப்பட்ட ஏழு தலைவர்களில் ஒருவராக 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' நடத்திக்கொண்டிருந்த காலம் அது. அவரும் வாப்பிச்சி மரிக்காரும் முன்னின்று 1892இல் மருதானையில் மத்ரஸத்துஸ் ஸாஹிராவைத் தொடங்கியபோது பாஷாவின் ஆதரவு அதற்குப் பெரும் பலமாயிருந்தது. அந்த ஆண்டிலேயே அவர் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று அவர் பெயரால் கலாசார நிலையமாக நிற்கிறது. அவரோடு வந்தவர்களில் நவீன அறபுக் கவிதைக்குப் புத்துயிர் அளித்த மஹ்மூத் சாமி அல் பாரூதியும் ஒருவர். 'ஸரந்தீப்' பற்றிய அவருடைய பிரிவாற்றாமைக் கவிதைகளை அறபு உலகம் இன்றும் படிக்கிறது. பார்வை மங்கிய நிலையில் 1899இல் அவர் நாடு திரும்பினார்.

பாரூதி கவிதைகளோடு போனார். ஒறாபி மாவோடு போனார். எகிப்தில் பரவலாகச் சொல்லப்படும் கதை இதுதான். மாம்பழத்தை அந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒறாபி பாஷா என்றே அங்கே பலர் நம்புகிறார்கள். வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் இதைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முஹம்மத் அலி பாஷாவின் ஆட்சிக் காலத்திலேயே இந்திய மாக்கள் கெய்ரோவின் தோட்டங்களுக்கு வந்துவிட்டதாகத் தோட்டக்கலை எழுத்தாளர்கள் குறிப்பிடுகின்றனர். ஆகவே எகிப்தின் முதல் மாமரம் ஒறாபியுடையது என்று சாதிப்பதற்கில்லை. ஆட்சியாளரின் தோட்டத்தில் நின்ற மரத்தை மறந்துவிட்டு, நாடுகடத்தப்பட்டவர் கொண்டுவந்த மரத்தை மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதே இக்கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கதை நடக்கக்கூடியதுதானா என்பதற்கு மாங்கொட்டையே விடை சொல்லும். நெல்லையும் பயறையும் போல மாங்கொட்டையை உலர்த்திப் பெட்டியில் வைக்க முடியாது. உலர்ந்தால் உள்ளிருக்கும் முளை செத்துவிடும். ஈரம் காத்து வைத்தாலும் சில வாரங்களே தாங்கும். பாய்க்கப்பலில் நெடுநாள் போன காலத்தில் இப்பயணம் அதற்கு ஆகியிராது. நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு, சூயெஸுக்கும் கொழும்புக்கும் இடையிலான பயணம் ஏறத்தாழ இரண்டு வாரமாகச் சுருங்கியது. எந்தக் கால்வாயின் மீது கொண்ட ஆசையால் பிரித்தானியர் எகிப்தைப் பிடித்து ஒறாபியை நாடுகடத்தினார்களோ, அந்தக் கால்வாயை நோக்கி ஓடிய நீராவிக் கப்பல்தான் ஒரு மாங்கொட்டை உயிரோடு போய்ச் சேரவும் வழி திறந்தது.

கண்டிச் சீமையின் பழமரங்களைப் பற்றிப் பேசும்போது கைதிகளும் நாடிழந்தவர்களும் மீண்டும் மீண்டும் குறுக்கே வருகிறார்கள். 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி மன்னனின் கைதியாயிருந்த றொபர்ட் நொக்ஸ், எலதெத்தயில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டி வாழ்ந்தவர். 1681இல் வெளிவந்த அவருடைய நூலில் பலாவுக்குத் தனியிடம் உண்டு. பிஞ்சுக்கு ஒரு பெயர், முற்றிய காய்க்கு ஒரு பெயர், பழத்துக்கு வேறு பெயர் என்று சிங்கள மக்கள் வழங்கியதை அவர் குறித்து வைத்தார். சிங்களத்தின் 'வரக்க'வும் தமிழின் 'வருக்கை'யும் ஒலியில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன! போர்த்துக்கேயரின் ஆட்சிப் புலத்திலிருந்து 1626இல் வெளியேற்றப்பட்ட நம் முன்னோருக்குக் கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் அளித்தபோது அவர்கள் வந்து சேர்ந்தது இத்தகைய பலா நிழலுக்குத்தான்.

றம்புட்டானும் டூரியனும் தம் பிறப்பிடத்தைப் பெயரிலேயே சுமந்து வந்தவை. மலாய் மொழியில் 'றம்புட்' என்றால் முடி, 'டுரி' என்றால் முள். ஜாவாவின் இளவரசர்களை ஒல்லாந்தர் இலங்கைக்கு நாடுகடத்தி வைத்த வரலாறும் நமக்குத் தெரியும். மக்கள் போன வழியும் மரங்கள் போன வழியும் ஒரே கடல்வழிதான்.

பேராதனையில் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் காலத்து அரச தோட்டம் இருந்த இடத்தில், 1821இல் அலெக்சாண்டர் மூன் தாவரவியற் பூங்காவை அமைத்தார். 1824இல் இலங்கையின் தாவரப் பட்டியலைச் சிங்களப் பெயர்களோடு வெளியிட்டவரும் அவரே. பின்னர் மக்மிலன் என்பவர் அங்கே பல்லாண்டு பணியாற்றி, 1910இல் வெப்பமண்டலத் தோட்டக்கலை பற்றி ஒரு கைநூல் எழுதினார். அது பல பதிப்புகள் கண்டு உலகெங்கும் பயன்பட்டது. இவற்றையெல்லாம் நன்றியோடுதான் சொல்கிறேன். ஆயினும் பூங்காவின் வேலை ஒரு மரத்தைக் கொண்டுவந்து நட்டுப் பலகை மாட்டியதோடு முடிந்துவிடும். அதன் விதையை வளவில் ஊன்றி, காய்த்தால் ருசி பார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு, புளித்ததை விறகாக்கியது வீடுதான்.

அந்த வீட்டு வளவின் மதிப்பை மலைநாடு ஒருமுறை பெரும் விலை கொடுத்துப் படித்தது. 1830களிலிருந்து கண்டி மலைகளைக் காடழித்துக் கோப்பி நட்டார்கள். மலை மலையாக ஒரே பயிர். 1869இல் இலையில் துரு நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் சாய்ந்தது. ஒறாபி பாஷா வந்திறங்கியது அந்த வீழ்ச்சியின் நடுவில்தான். அதே மலைச்சரிவின் கீழே, தென்னையும் கமுகும் கித்துளும் பலாவும் ஈரப்பலாவும் சாதிக்காயும் கராம்பும் மிளகும் ஒன்றன் நிழலில் ஒன்றாக நின்ற வளவுகள் பிழைத்துக்கொண்டன. ஒன்றுக்கு நோய் வந்தால் மற்றது சோறு போட்டது. பலாவைச் சிங்களவர் 'சோற்று மரம்' என்பது வெறும் அலங்காரப் பேச்சல்ல.

இனி, வளவில் புதிய பழம் எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஒட்டுக்கன்று தாய்மரத்தின் நகல்; அதே பழத்தைத்தான் தரும். விதைக்கன்று அப்படியல்ல. பலாவில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் வேறு வேறு. அயல்வீட்டு மரத்தின் மகரந்தம் நம் வீட்டு மரத்துக்கு வரும். அதனால் ஒவ்வொரு பலாக்கொட்டையும் ஒரு புதுப் பிள்ளை. டூரியன் பூ மாலையில் மலரும். இரவில் தேன் தேடி வரும் வௌவால்கள்தான் அதற்குத் தரகர்கள். றம்புட்டானை விதை போட்டு வளர்த்தால் கணிசமானவை காய்க்காத ஆண்மரங்களாகிவிடும். ஆகவே கண் ஒட்டு அவசியமாகிறது. மாவில் இரண்டு சாதி உண்டு. ஒரு சாதியின் கொட்டையில் ஒரே முளை. அது தாயும் தந்தையும் கலந்தது. மற்றச் சாதியின் கொட்டையில் பல முளைகள். அவற்றிற் பெரும்பாலானவை தாயின் அச்சு. மங்குஸ்தானோ முற்றிலும் வேறு. அதன் விதை மகரந்தக் கலப்பின்றியே உருவாகிறது. எந்த வீட்டில் நட்டாலும் ஏறக்குறைய ஒரே பழம். கலப்பினம் உண்டாக்க விரும்புவோரின் கைக்கு அது எளிதில் வசப்படாது.

கையால் மகரந்தம் சேர்ப்பவர்களும் நம்மிடையே இல்லாமலில்லை. மாம்பூங்கொத்து ஒன்றில் நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரக்கணக்கில் பூக்கள். அவற்றிற் பல ஆண்பூக்கள். இருபால் பூவைக் கண்டுபிடித்து, மகரந்தம் சிந்துமுன் அதன் கேசரத்தைக் கிள்ளி, வேறு மரத்தின் மகரந்தத்தைத் தொட்டுவைத்துப் பையால் மூட வேண்டும். அதன் பிறகும் மிகச் சிலவே காயாகி நிற்கும். விழுந்த கொட்டையை நட்டால் காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். காய்த்தது தாயை விட மட்டமாகவும் இருக்கலாம். இந்தியாவில் தசேரியையும் நீலத்தையும் கலந்து வெளியிட்ட 'ஆம்ரபாலி' போன்ற ஒரு வெற்றிக்குப் பின்னால் வெட்டியெறியப்பட்ட மரங்கள் அநேகம். வீட்டில் இதைச் செய்பவருக்கு வளவு சிறியது, ஆயுளும் சிறியது. ஆனாலும் செய்கிறார்கள். தான் தின்னாத பழத்துக்காக மரம் நடுவதில் நன்மை உண்டென்று நபிமொழியால் பழகிய சமூகம் நாம். பறவை தின்றாலும் அது ஸதகாதான்.

இப்போது எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் வளவில் கிணற்றடியில் ஒரு பலா நின்றது. உம்மும்மா அதைக் 'கிணத்தடி மரம்' என்று மட்டும் சொல்வார். சுளை சிறியது, நார் குறைவு, வாசனை அடுத்த வீட்டுக்குப் போகும். பழம் வெட்டும் நாளில் தெரு முழுக்கப் பங்கு போகும். சிங்கள அயலவர் வீட்டுக்குப் போகும் தட்டு வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை. வாப்பாவும் சகோதரர்களும் வளவைப் பேர்ச் கணக்கில் பிரித்தபோது மரம் ஒரு சாச்சாவின் பங்கில், அவர் வீட்டு அத்திவாரத்தின் குறுக்கே நின்றது. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியின்றி வெட்டக்கூடாதென்று 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. அனுமதி பெற்றே வெட்டினோம். பலகை நல்ல விலைக்குப் போயிற்று. கதவுநிலைகள் இன்றும் இருக்கின்றன. கடைசிப் பழத்தின் கொட்டைகளில் ஒன்றை ராத்தா மாத்தளைக்குக் கொண்டுபோய் நட்டார். எட்டாம் ஆண்டு காய்த்தது. ஆசையோடு போய்த் தின்றோம். நல்ல பழம்தான், ஆனால் அது வேறு பழம். வெட்டுவதற்கு முன் ஒரு கிளையை ஒட்டி வைத்திருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கன்னொறுவையில் 1988 முதல் தாவர மரபணு வள நிலையம் இயங்கி வருகிறது. நெல்லும் தானியங்களும் மரக்கறி விதைகளும் அங்கே குளிரில் உறங்குகின்றன. பலா, மா, டூரியன், றம்புட்டான், மங்குஸ்தான் விதைகள் அவ்வாறு உறங்கமாட்டா. உலர்த்தினாலும் குளிரூட்டினாலும் அவை சாகும். இவற்றை மரமாக, மண்ணில், உயிரோடுதான் வைத்திருக்க வேண்டும். அதாவது அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் நம் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் பெயரில்லாத மரம்தான் அந்த வகையின் வங்கி. வங்கியில் இருப்பது ஒரேயொரு பிரதி.

ஏட்டுச் சுவடிகளையும் அறபுத்தமிழ்க் கிதாபுகளையும் கறையானுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் தேடியலைந்த சமூகம் நாம். மரங்களில் அந்தத் தவறு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஒட்டுக்கன்று வேண்டாமென்று சொல்லவில்லை. சிறு வளவுக்கு அதுவே பொருத்தம். ஆனால் எல்லா வளவிலும் தாபனம் தந்த அதே நான்கு வகைகளே நிற்குமானால் மீண்டும் கோப்பித் தோட்டத்தைத்தான் வளர்க்கிறோம். பழைய மரத்தை வெட்டத் தீர்மானித்தால், முதலில் அதன் கிளைநுனியை இளங்கன்றுகள் இரண்டில் ஒட்டி, ஒன்றை அயல்வீட்டுக்குக் கொடுங்கள். வீட்டுப் பெரியவர் உயிரோடிருக்கும்போதே மரத்தை யார் நட்டது, விதை எங்கிருந்து வந்தது, பழம் எப்படி என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நம் எழுத்தாளர்கள் ஊர் வரலாறு எழுதும்போது பள்ளிவாசலும் பாடசாலையும் கட்டியவர் பெயர்களோடு இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

ராத்தாவின் வளவில் நிற்கும் மரத்துக்கு இப்போது பிள்ளைகள் பெயர் கேட்கிறார்கள். 'கிணத்தடி மரத்தின் மகள்' என்று சொல்லியிருக்கிறோம். போன மாரியில் அதிலிருந்து இரண்டு ஒட்டுக்கன்றுகள் எடுத்தோம். ஒன்று பிடித்துவிட்டது.