ஒன்பது வெற்றிக்கு ஒரு ஸ்மோல்ட்ஸ்



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "ஹாஸ்டல் நினைவுகள் எழுதட்டுமா?" என்று கேட்டேன். "சாமி, அது ஏற்கெனவே மூட்டையா வந்து கிடக்கு, வேற ஏதாவது எழுதுங்க" என்றார்கள். மிச்சிகன் மாநிலத்தில் கார் உதிரிபாகத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன் என்ற ஒரே தகுதியில், அந்த ஊர்க்காரர்கள் இன்றும் குரலை உயர்த்திப் பேசுகிற ஒரு பழைய விவகாரத்தை எழுதத் துணிகிறேன். பேஸ்பால் விவகாரம்தான். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், கிரிக்கெட் தெரிந்தால் போதும்.

அமெரிக்க பேஸ்பாலில் சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு அணி தன் ஆட்டக்காரரை இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டு அங்கிருந்து ஒருவரை வாங்கிக்கொள்ளலாம். இதற்கு டிரேட் என்று பெயர். (நம்ம காலத்தில் செமி-ஃபைனலுக்கு முந்தின நாள் பி பிளாக் பௌலரை சி பிளாக்குக்கு அனுப்பியிருந்தால் மெஸ்ஸில் தட்டு பறந்திருக்கும்.) இந்த வியாபாரத்துக்கு ஒரு கெடு நாள் உண்டு. பட்டத்தை நெருங்கி நிற்கும் அணிக்கு அந்த நாள் வரும்போதுதான் தலைவலி. வாங்குவது இன்றைக்கே உதவுகிற கைதேர்ந்த ஆளை; விலையாகக் கொடுப்பது பெரும்பாலும் மேல் மட்டத்துக்கு இன்னும் வராத சின்னப் பையனை. வாங்குவதா, கையிலிருப்பதை வைத்துச் சமாளிப்பதா?

கெடு ஏன் வந்தது என்பதே ஒரு கதை. 1922-இல் நியூயார்க் யாங்கீஸும் செயின்ட் லூயி பிரௌன்ஸும் கழுத்துக்குக் கழுத்து ஓடிக்கொண்டிருந்தன. ஜூலை 23 அன்று யாங்கீஸ், பாஸ்டன் அணியிடமிருந்து ஜோ டூகன் என்ற நல்ல ஆட்டக்காரரைத் தட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் யாங்கீஸுக்கு 94 வெற்றி, பிரௌன்ஸுக்கு 93. செயின்ட் லூயிக்காரர்கள் போட்ட கூச்சலில், மறு வருஷத்திலிருந்து ஜூன் 15-க்குப் பிறகு சாதாரணமாக டிரேட் கூடாது என்று விதி வந்தது. 1986-இல் அது ஜூலை 31 ஆயிற்று. அதற்குப் பிறகும், மற்ற அணிகள் "எங்களுக்கு வேண்டாம்" என்று விட்ட ஆட்டக்காரரை ஆகஸ்டில் மாற்றிக்கொள்ள ஒரு சந்து இருந்தது. 2019-இல் அந்தச் சந்தையும் அடைத்துவிட்டார்கள்.

டெட்ராய்ட் டைகர்ஸ் அந்தச் சந்து வழியாகத்தான் புகுந்தது. 1987 ஆகஸ்ட் 12. அட்லாண்டா பிரேவ்ஸ் அணியிலிருந்து டாயில் அலெக்ஸாண்டர் என்ற பிட்சரை, அதாவது பந்தெறிபவரை, வாங்கினார்கள். அவருக்கு வயது 36. அந்த வருஷம் அட்லாண்டாவில் 5 வெற்றி, 10 தோல்வி. பதிலுக்குக் கொடுத்தது 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸ். லான்சிங் நகரத்துப் பையன், மிச்சிகன் மண்ணில் வளர்ந்தவன், சின்ன வயதிலிருந்து டைகர்ஸ் பைத்தியம். தாத்தா டைகர் ஸ்டேடியத்தில் வேலை பார்த்தவர். ஆனால் அந்த வருஷம் கீழ்மட்ட அணியில் அவர் கணக்கு 4 வெற்றி, 10 தோல்வி. அதைப் பார்த்து, இவர் பின்னாளில் பெரிய ஆள் ஆவார் என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது.

அலெக்ஸாண்டர் வந்தார். அடேயப்பா! 11 ஆட்டத்தில் தொடக்கப் பிட்சராக இறங்கினார். 11-லும் டைகர்ஸ் ஜெயித்தது. அவர் பெயரில் 9 வெற்றி, ஒரு தோல்வி கூட இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.53. பெரிய வேகம் எல்லாம் கிடையாது. மூலை பார்த்துப் போடுவார், வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் போடுவார். நம்ம ஊர் ஆஃப் ஸ்பின்னரின் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது டொராண்டோ புளூ ஜேஸ் மூன்றரை ஆட்டம் முன்னால் இருந்தது. அந்த வாரம் அவர்கள் ஆடிய ஏழு ஆட்டத்தையும் தோற்றார்கள். கடைசி மூன்று ஆட்டம் டெட்ராய்ட்டிலேயே, டைகர்ஸுக்கு எதிராக. மூன்றிலும் வித்தியாசம் ஒரே ஓட்டம். வெள்ளிக்கிழமை 4-3, பந்தெறிந்தவர் அலெக்ஸாண்டர். சனிக்கிழமை 3-2, பன்னிரண்டு இன்னிங்ஸ். ஞாயிறு அக்டோபர் 4 அன்று ஃபிராங்க் டனானா எறிய, லாரி ஹெர்ண்டன் அடித்த ஒரே ஹோம் ரன்னில் 1-0. டைகர்ஸ் 98, டொராண்டோ 96. அந்தத் திங்கட்கிழமை எங்கள் ஷாப் ஃப்ளோரில் மெஷின் ஓடியதா என்று கேட்காதீர்கள்.

பிறகு நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அடுத்த சுற்றில், வெறும் 85 வெற்றியோடு வந்த மின்னசோட்டா ட்வின்ஸ், 98 வெற்றி வாங்கிய டைகர்ஸை 4-1 என்று அனுப்பிவைத்தது. அலெக்ஸாண்டர் இரண்டு ஆட்டம் எறிந்து இரண்டையும் தோற்றார். ஸ்மோல்ட்ஸோ அட்லாண்டாவில் 210 வெற்றிகள், 154 சேவ்கள் வரை போய், 1996-இல் சை யங் விருது வாங்கி, 2015-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார். 1991 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் அவருக்கு எதிராக எறிந்தவர் யார் தெரியுமா? ஜேக் மோரிஸ். 1987 டைகர்ஸின் தலைமைப் பிட்சர், சின்ன வயதில் ஸ்மோல்ட்ஸ் வாய் பிளந்து பார்த்த ஆள்! மோரிஸ் பத்து இன்னிங்ஸ் எறிந்து மின்னசோட்டாவுக்காக 1-0 என்று ஜெயித்தார். டெட்ராய்ட்காரன் வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தன் பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே "அசட்டு வியாபாரம்" என்ற பட்டியலை யார் போட்டாலும் இந்த டிரேடுக்கு அதில் நிச்சயம் இடம் உண்டு. என் கட்சி வேறு. கையிலிருப்பதை வைத்துச் சமாளி என்பவர்கள் 1987-ஐ உதாரணம் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. டைகர்ஸ் ஜெயித்தது இரண்டே ஆட்ட வித்தியாசத்தில். அந்தப் பதினொரு ஆட்டத்தில் இரண்டு மூன்று கை நழுவியிருந்தால் அக்டோபர் ஆட்டமே இல்லை. அப்போது ஒரு லீகுக்கு இரண்டு அணிகள்தான் மேலே போகும். இரண்டாவது வந்தவன் வீட்டுக்குத்தான்.

சரி, பையனை வைத்திருந்தால்? 1988-இல் டைகர்ஸ் பாஸ்டனிடம் ஒரே ஆட்டத்தில் முதலிடத்தை விட்டது. அந்த வருஷம் அலெக்ஸாண்டருக்கு 14 வெற்றி. அட்லாண்டாவில் ஸ்மோல்ட்ஸுக்கு 2 வெற்றி, 7 தோல்வி. 1989-இல் டைகர்ஸ் 103 ஆட்டம் தோற்றது. அலெக்ஸாண்டரும் 18 தோற்று ஓய்வு பெற்றார். வயசான அணி, கீழே இருந்து வளர்ந்து வருபவர்கள் இல்லை. ஒரு ஸ்மோல்ட்ஸ் மட்டும் அந்த வண்டியை இழுத்திருப்பாரா? வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ எறிகிறவர் அவர்! என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், டூல் ரூம் ஆள், இதையே வேறு மாதிரி சொல்வார்: "அந்த ஞாயிற்றுக்கிழமையை எனக்குத் திருப்பிக் கொடுத்தால் இன்னொரு ஸ்மோல்ட்ஸைக்கூடத் தருவேன்."

எல்லா டிரேடையும் நான் தாங்கிப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 1990 ஆகஸ்ட் 30 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் செய்தது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. லாரி ஆண்டர்சன் என்ற 37 வயது ரிலீஃப் பிட்சருக்காக ஜெஃப் பேக்வெல் என்ற பையனை ஹியூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். ஆண்டர்சன் ஒழுங்காகவே எறிந்தார், 15 ஆட்டம். ஆனால் ரிலீஃப் பிட்சர் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு இன்னிங்ஸ்தான் எறிவார். சீசன் முடிந்ததும் அவர் சான் டியாகோவுக்குக் கிளம்பிவிட்டார். பேக்வெல் ஹியூஸ்டனிலேயே 15 வருஷம் ஆடி 449 ஹோம் ரன். தினமும் ஆடுகிறவனைக் கொடுத்து, நாலு வாரத்துக்கு ஒன்றிரண்டு இன்னிங்ஸ் வாங்குவது என்ன கணக்கு?

அட்லாண்டாக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். 1993 ஜூலையில் சான் ஃபிரான்ஸிஸ்கோவுக்கு ஒன்பது ஆட்டம் பின்னால் இருந்தபோது ஃபிரெட் மெக்ரிஃப்பை வாங்கினார்கள். அவர் வந்த அன்று ஸ்டேடியத்தின் பத்திரிகையாளர் பகுதியில் தீப்பிடித்தது. ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது, மனிதர் ஹோம் ரன் அடித்தார். அங்கிருந்து பிடித்த வேகத்தில் அட்லாண்டா 104, சான் ஃபிரான்ஸிஸ்கோ 103. அவருக்காகக் கொடுத்த மூன்று பேரில் ஒருவர்கூடப் பெரிதாக வரவில்லை. அந்த அட்லாண்டா அணியில் 15 ஆட்டம் ஜெயித்தவர் நம்ம ஸ்மோல்ட்ஸ்தான். எப்படி இருக்கிறது பாருங்கள்!

இந்த நூற்றாண்டில் கணக்கு கொஞ்சம் மாறிவிட்டது. 2016-இல் சிகாகோ கப்ஸ், அரோல்டிஸ் சாப்மனுக்காக கிளேபர் டோரஸ் உட்பட நாலு பேரைக் கொடுத்து, 1908-க்குப் பிறகு முதல் முறையாக வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது. சீசன் முடிந்ததும் சாப்மன் யாங்கீஸுக்கே திரும்பிப் போனார். கப்ஸ் ரசிகர் யாரும் அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. 2022-இல் இருந்து லீகுக்கு ஆறு அணிகள் மேலே போகலாம். ஆறாவது இடத்துக்காக ஒரு ஸ்மோல்ட்ஸைக் கொடுப்பது என்றால் நானும் கையெழுத்துப் போட மாட்டேன். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே வாழ்வா சாவா என்றிருந்த 1987 வேறு.

அதே 2022-இல் மில்வாக்கி தலைகீழாக ஒன்று செய்தது. தன் பிரிவில் மூன்று ஆட்டம் முன்னால் இருந்துகொண்டே, ஆகஸ்ட் 1 அன்று, ஆட்டத்தை முடித்துவைக்கிற ஜோஷ் ஹேடரை சான் டியாகோவுக்குக் கொடுத்துவிட்டது, எதிர்காலத்துக்கும் சேர்த்துப் பார்க்கிறோம் என்ற கணக்கில். கடைசி இடத்துக்கு ஒரே ஒரு வெற்றி போதாமல் வெளியே நின்றது.

டெட்ராய்ட் அடுத்து அக்டோபர் ஆட்டம் ஆடியது 2006-இல்தான். அதற்குள் டைகர் ஸ்டேடியமும் மூடிப்போயிற்று.